முப்பத்தெட்டு புள்ளி ஆறு

ஜூன் 3, செவ்வாய்

அலுவலகம் முடிந்து நேராக டாக்டர் மெஹருன்னிசாவின் கிளினிக். ஹார்மோன் சிகிச்சை தொடங்கி இரண்டு ஆண்டு ஆனதற்கான பரிசோதனை. செருப்பைக் கழற்றிவிட்டு எடை மெஷின் மாதிரியான ஒன்றில் ஏறி, இரண்டு கைப்பிடிகளைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். நமக்குத் தெரியாத அளவில் உடம்புக்குள் மின்சாரம் ஓடும். வழியில் எவ்வளவு தடை என்று பார்த்து, உள்ளே எவ்வளவு கொழுப்பு என்று கருவி சொல்லும்.

முப்பத்தெட்டு புள்ளி ஆறு சதவீதம் என்று சொன்னது.

பொங்கல் விடுமுறையில் வந்தபோது இதே கருவி முப்பத்திரண்டு என்றது. எடை அப்போதும் எழுபத்தொன்று, இப்போதும் எழுபத்தொன்று. எடை கூடாமல் கொழுப்பு மட்டும் கூடியிருந்தால் மற்றது எங்கே போயிற்று என்று கேட்டேன். டாக்டர் சிரிக்கவில்லை. நான் நகைச்சுவை செய்யும்போதெல்லாம் அவர் என் ரத்த அழுத்தத்தைப் பார்க்கிறார்.

"ஈஸ்ட்ரோஜன் எடுத்தா கொழுப்பு கொஞ்சம் கூடத்தான் செய்யும், செந்தாமரை. இடுப்புக்கும் தொடைக்கும் போகும். அதுக்குத்தானே எடுக்கறோம். ஆனா அஞ்சு மாசத்துல இவ்வளவுன்னா யோசிக்கணும். சர்க்கரை எல்லையில நிக்குது. உங்க அப்பாவுக்குக் கால்ல ரத்தம் கட்டியிருக்கு. இந்த நம்பர் நெஜம்னா மாத்திரையைப் பாதியாக் கொறைக்கறதுதான் பாதுகாப்பு."

"நெஜம் இல்லைன்னா?"

"அதான் சிக்கல். ஏறி நிக்கறவங்க ஆணா பெண்ணான்னு கேட்டு, அதுக்கேத்த சூத்திரத்துலதான் இந்த மெஷின் கணக்குப் போடும். ரெண்டு சூத்திரமும் உங்கள மாதிரி ஒருத்தர அளந்து எழுதினதில்ல. வேற வழியிலயும் அளந்து பாருங்க. ரத்தமும் குடுத்துட்டுப் போங்க. இருபத்தி நாலாந்தேதி முடிவு பண்ணிக்கலாம்."

போன ஆண்டு ஊரெங்கும் மாத்திரை கிடைக்காமல் சில வாரம் பாதி அளவில் ஓட்டினேன். ஒன்றும் ஆகிவிடவில்லை. அந்த வாரங்களில் அலமாரிக் கண்ணாடியைத் துண்டு போட்டு மூடி வைத்திருந்தேன். தூசி படியும் என்பதால்.

ஜூன் 4, புதன்

என் தொழில், அரசுத் தேர்வு எழுதுகிறவர்களுக்கான வழிகாட்டி நூல்களுக்குக் கேள்வி எழுதுவது. காந்திபுரத்துக்குப் பின்னால் நாச்சிமுத்து பதிப்பகம். கேள்வி ஒன்று, விடை நான்கு. நான்கில் ஒன்று சரியாக இருந்தே தீரும் என்பது எங்கள் மதம். ஒன்றும் அகப்படாவிட்டால் 'இவற்றுள் எதுவுமில்லை' என்று நான்காவதாகப் போட்டுவிடுவோம். அதை எப்போதாவதுதான் சரியான விடையாக வைப்போம். மாணவர்கள் அதை நம்பத் தொடங்கினால் தொழில் படுத்துவிடும்.

முன்பு என் பெயர் செந்தாமரைக்கண்ணன். மாற்றும்போது கண்ணனை மட்டும் வெட்டினேன். பிழை திருத்துகிறவளின் சிக்கனம். அலுவலகத்தில் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதலாளி அன்றைக்கே வருகைப் பலகையில் பெயரை மாற்றச் சொன்னார். பத்தொன்பது பேரும் அத்தனை நாகரிகம். டி.டி.பி. பார்க்கும் ருக்மணியக்கா மட்டும் ஒன்றை நிறுத்திக்கொண்டார். மற்றப் பெண்களை 'அம்மிணி' என்பார். என்னை முன்பு 'தம்பி' என்பார். இரண்டு ஆண்டாக என்னை எதுவும் சொல்லி அழைப்பதில்லை. 'இந்தா', 'பாரு', 'அட' ஆகியவற்றைக் கொண்டு சமாளிக்கிறார்.

இன்று ஒரு சொம்பு மோரோடு வந்தார். "இந்தா, குடி."

"வேண்டாங்க்கா. காத்து அடிக்குது, சளி பிடிக்கும்."

"மோரு குடிச்சு ஆருக்குச் சளி புடிச்சுது? எப்பப் பாரு ஒட்டகமாட்டம் இருக்கறே."

எனக்குப் பகலில் தாகம் எடுப்பதில்லை. உடல்வாகு அப்படி. கீழ்த் தளத்தில் பெண்கள் கழிவறை, மேல் தளத்தில் ஆண்கள் கழிவறை, என் அறை படிக்கட்டுத் திருப்பத்தில், இரண்டுக்கும் சரியாக நடுவில். தற்செயல்.

மாத்திரைகள் இரண்டு வகை. ஒன்று ஈஸ்ட்ரோஜன். இன்னொன்று ஆண் ஹார்மோனை அடக்குவது. இரண்டாவதற்கு உடம்பிலிருக்கும் நீரை வெளியேற்றும் குணமும் உண்டு. காலையில் போடச் சொல்லியிருக்கிறார் டாக்டர். நான் மாலை வீடு திரும்பிய பிறகு போடுகிறேன். காலையில் மறந்துவிடுகிறது. தினமும் தவறாமல் மறப்பதற்கும் ஓர் ஒழுக்கம் வேண்டும்.

ஜூன் 6, வெள்ளி

கணபதிப் பகுதியில் என் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஜிம்மிலும் அதே வகைக் கருவி இருக்கிறது. வேலை முடிந்து வரும் வழியில் நுழைந்தேன். பயிற்சியாளர் கோகுல் மரியாதையானவன். கருவியின் திரையைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான்.

"ஏனுங்க்கா, இது ஆணா பொண்ணான்னு கேக்குதுங்க. எதப் போடட்டுங்க?"

"நீ எதப் போடுவே?"

"அக்கான்னு கூப்புட்டுப்போட்டு ஆணுன்னு அமுக்குனா நல்லாருக்காதுங்க."

பெண் என்று அமுக்கினான். முப்பத்தெட்டு புள்ளி இரண்டு. ஆராய்ச்சிக்காக ஆண் என்றும் அமுக்கச் சொன்னேன். இருபத்தேழு புள்ளி நான்கு. இரண்டு நிமிடம் ஆணாக இருந்ததில் பதினோரு சதவீதம் இளைத்தேன். உடற்பயிற்சி உலகில் இதைவிட வேகமான முறை கிடையாது. ஆனாலும் சிபாரிசு செய்ய மாட்டேன். முப்பத்துநான்கு வருடம் செய்து பார்த்திருக்கிறேன்.

கோகுல் யோசித்துவிட்டு, "ஒண்ணு பண்ணலாமுங்க்கா. ரெண்டையுங் கூட்டிப் பாதி வெச்சுக்கலாம். ரெண்டு பக்கமும் மனஸ்தாபம் வராது" என்றான். வரப்புத் தகராறைப் பேசித் தீர்க்கும் வீட்டில் வளர்ந்த பிள்ளை. முப்பத்திரண்டு புள்ளி எட்டு என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தான். கையெழுத்தும் போட்டான்.

ஜூன் 8, ஞாயிறு

அளவு நாடா முறை. ஆண் சூத்திரத்துக்குக் கழுத்தும் இடுப்பும் போதும். பெண் சூத்திரத்துக்கு அவற்றோடு இடுப்பெலும்புக்குக் கீழே பின்புறச் சுற்றளவும் வேண்டும். சூத்திரம் எழுதியவர் எங்கே கூடுதலாகப் பார்த்திருக்கிறார் என்று தெரிகிறது.

பெண் சூத்திரப்படி முப்பத்தைந்து. ஆண் சூத்திரப்படி இருபத்திரண்டு. மற்ற பகுதியெல்லாம் புதிய ஆட்சியை ஏற்றுக்கொண்டுவிட்டது. கழுத்து மட்டும் இன்னும் பழைய கட்சியில் இருக்கிறது.

சாம்பார், வெண்டைக்காய்ப் பொரியல், இரண்டு சொம்புத் தண்ணீர், மாலையில் இளநீர். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குத் தாகம் எடுக்கிறது.

ஜூன் 9, திங்கள்

பகலெல்லாம் தலைவலி. கேள்வி எழுதிக் கழிந்தது.

ஜூன் 12, வியாழன்

தோல் மடிப்பு முறை. கிடுக்கி போன்ற ஒரு கருவியால் கை, வயிறு, தொடை ஆகிய இடங்களில் தோலைக் கொழுப்போடு சேர்த்துப் பிடித்துத் தடிமனை அளப்பார்கள். கிளினிக்கின் உணவியல் நிபுணர் ஒரு பெண். அவருடைய உதவியாளர் ஆண். பெண்களைப் பெண்ணும் ஆண்களை ஆணும் அளப்பது அங்கே வழக்கமாம்.

"நீங்க பாத்துருங்க மேடம்," என்றார் உதவியாளர், கதவைத் திறந்துகொண்டே.

"இல்ல, நீங்களும் இருக்கலாமே," என்றார் நிபுணர். பிறகு என்னிடம், "நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது. உங்களுக்கு யார் பாத்தா வசதி?"

"கிடுக்கி வெச்சிருக்கறவங்க யாரா இருந்தாலும் சரிங்க."

கடைசியில் அவரே அளந்தார். ஒவ்வொரு முறையும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, இரண்டு விரல் நுனியால், பூ பறிப்பது போல. வலித்தால் சொல்லச் சொன்னார். தொட்டதே தெரியவில்லை. முடிவு பத்தொன்பது சதவீதம். ஓட்டப்பந்தய வீராங்கனைகளின் எண் அது. அவர் பிடித்தது என் கொழுப்பை அல்ல, சுடிதாரை.

ஆக இதுவரை பத்தொன்பது, இருபத்திரண்டு, இருபத்தேழு, முப்பத்தைந்து, முப்பத்தெட்டு. ஐந்தில் சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக. இந்தக் கேள்வியை நான் எழுதியிருந்தால் முதலாளி திருப்பி அனுப்பியிருப்பார்.

ஜூன் 15, ஞாயிறு

காலையில் ஜிம். கோகுல் இப்போதெல்லாம் கேட்பதில்லை, நேரே பெண் என்று அமுக்குகிறான். முப்பத்துநான்கு புள்ளி ஒன்று. "பாத்தீங்களாக்கா, கொறஞ்சிருச்சு" என்று அவன்தான் அதிகம் மகிழ்ந்தான். நான் எதுவுமே செய்யவில்லை என்று சொல்ல மனம் வரவில்லை.

ஜூன் 16, திங்கள்

வேலை முடிந்து மறுபடி ஜிம். முப்பத்தெட்டு புள்ளி நான்கு.

நேற்றுக் காலைக்கும் இன்று மாலைக்கும் நடுவே நாலு சதவீதம், அதாவது மூன்று கிலோ கொழுப்பு, எடை ஏறாமலே வந்து சேர்ந்திருக்கிறது. நடுவில் நடந்தது ஒரே ஒரு அலுவலக நாள். மதியம் இரண்டு சப்பாத்தி. நாச்சிமுத்து பதிப்பகத்தில் உட்கார்ந்திருந்தால் கொழுப்பு ஏறும் என்பதைத் தவிர வேறு முடிவுக்கு வர முடியவில்லை. கோகுல் கருவியைத் தட்டிப் பார்த்தான். "கரண்டு ஏத்த இறக்கமா இருக்குமுங்க்கா."

காரணம் எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே இப்போதைக்கு எழுதி வைக்கிறேன்.

ஜூன் 21, சனி

அரை நாள் விடுப்புப் போட்டு டெக்ஸா ஸ்கேன். படுக்கையில் படுத்தால் மேலே ஒரு கை மெல்ல நகர்ந்து, எக்ஸ்ரே மூலம் எலும்பு இவ்வளவு, கொழுப்பு இவ்வளவு, மற்றது இவ்வளவு என்று பிரித்துவிடும். இந்தக் கருவியும் பாலினம் கேட்டது. ஸ்கேன் எடுத்தவரிடம் அதனால் விடை மாறுமா என்று கேட்டேன்.

"கொழுப்பு எவ்வளவுன்னு எக்ஸ்ரே பாத்து அதுவே சொல்லிரும். ஆணா பொண்ணானு கேக்கறது ரிப்போர்ட்டுல மத்தவங்களோட ஒப்பிட்டுக் காட்டறதுக்குத்தாங்க."

எனக்குப் பிடித்துவிட்டது. முதலில் நேரில் பார்த்துவிட்டு, ஒப்பீட்டைப் பிறகு வைத்துக்கொள்ளும் கருவி. மனிதர்களில் இந்த வரிசை அரிது.

முப்பத்திரண்டு புள்ளி நான்கு. கோகுல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பஞ்சாயத்துத் தீர்ப்புக்கும் இதற்கும் அரை சதவீதம்கூட வித்தியாசமில்லை. இதை அறிவியலுக்குச் சொல்ல வேண்டாம்.

ஜூன் 24, செவ்வாய்

டாக்டர் எல்லாத் தாள்களையும் மேசையில் பரப்பினார். டெக்ஸாவைத் தனியே எடுத்து வைத்தார். மற்றவற்றை ஓரம் தள்ளினார். பத்தொன்பதைப் பார்த்து முதன்முறையாகச் சிரித்தார்.

"இதுதான் உங்க நம்பர். முப்பத்திரண்டு. கொழுப்பு கூடல. ஈஸ்ட்ரோஜனைக் கொறைக்க வேண்டாம்."

எழுந்து நின்றுவிட்டேன். ஏன் எழுந்தேன் என்று தெரியவில்லை. டாக்டர் உட்காரச் சொன்னார்.

"இன்னும் இருக்கு. அந்த மின்சார மெஷின் உண்மையில கொழுப்பைப் பாக்கறதில்ல. உடம்புல இருக்கற தண்ணியத்தான் பாக்குது. தண்ணி கம்மியா இருந்தா கரண்டு சரியாப் போகாது. போகலைன்னா அது கொழுப்புன்னு நெனச்சுக்கும். உங்க நம்பர் லீவு நாள்ல கம்மி, வேலை நாள்ல ஜாஸ்தி. உங்க ரத்தத்துல சிறுநீரகக் கணக்கும் ஏறியிருக்கு, பொட்டாசியமும் மேல நிக்குது. நீரை வெளியேத்தற மாத்திரையும் போட்டுக்கிட்டு, தண்ணியும் குடிக்காம இருந்தா இப்படித்தான் வரும். இது எறங்கலைன்னா அந்த மாத்திரையை நிறுத்தித்தான் ஆகணும். பகல்ல ஏன் தண்ணி குடிக்கறதில்ல?"

வேலைப் பளு என்றேன். மறதி என்றேன். உடல்வாகு என்றேன். தென்மேற்குக் காற்றையும் சொன்னேன். நாலு விடைகள். டாக்டர் நாலையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, "ஆபீஸ்ல எந்த பாத்ரூமுக்குப் போறீங்க?" என்றார்.

இவற்றுள் எதுவுமில்லை.

"ரெண்டு வருஷமாவா?"

"காலைல வீட்டுல போயிட்டுத்தான் வருவேங்க. சாயங்காலம் வீட்டுக்குப் போயிட்டா ஒண்ணும் பிரச்சினை இல்ல."

"யாராவது வரக்கூடாதுன்னு சொன்னாங்களா?"

"யாரும் ஒண்ணும் சொல்லலைங்க."

அடுத்த மாதம் பதினைந்தாம் தேதி மறுபடி ரத்தப் பரிசோதனை. பகலில் ஒன்றரை லிட்டராவது உள்ளே போக வேண்டும். மாத்திரை காலையில். "எப்படின்னு நீங்க பாத்துக்கங்க. நான் எழுதிக் குடுக்கற மருந்துல அது வராது" என்றார்.

ஜூன் 27, வெள்ளி

வழி கண்டுபிடித்துவிட்டேன். எதிர்ச் சாரியில் ஒரு ஹோட்டல். அங்கே ஒரே ஒரு கழிவறை. கதவில் ஆண் படமும் இல்லை, பெண் படமும் இல்லை. 'வாடிக்கையாளர்களுக்கு மட்டும்' என்று எழுதியிருக்கிறது. இந்த ஊரில் நான் கண்டவற்றுள் நாகரிகமான வகைப்பாடு அதுதான்.

ஒரே சிக்கல், வாடிக்கையாளர் ஆக ஒரு காபி குடிக்க வேண்டும். காபி குடித்தால் ஒரு மணி நேரத்தில் மறுபடி வாடிக்கையாளர் ஆக வேண்டியிருக்கிறது. இன்று நாலு காபி. கை நடுங்கியதில் வினா எண் எழுபதும் எழுபத்தொன்றும் ஒரே கேள்வியாகிவிட்டன.

ஜூன் 30, திங்கள்

ஐந்து காபி. தூக்கம் வரவில்லை. கல்லாவில் இருப்பவர் என்னைப் பார்த்ததும் டோக்கனைக் கிழித்து வைத்துவிடுகிறார்.

ஜூலை 2, புதன்

முதலாளி நாச்சிமுத்து தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். ஒன்பது ஆண்டில் அவர் கதவைச் சாத்தி நான் பார்த்ததில்லை.

"உக்காருங். ஏனுங் செந்தாமரை, நம்ம பக்கம் எதாச்சும் கொறைங்களா?"

"ஒண்ணும் இல்லைங் சார்."

"இல்ல, இருந்தாச் சொல்லுங். மேல இருக்கறவங்க உங்களுக்கு என்ன சொல்றாங்கன்னு நான் கேக்க மாட்டேன். கேக்கறது மொறையும் இல்ல."

மேலே இருக்கிறவர் என்றதும் கடவுள் நினைவுதான் வந்தது. அவர் எனக்கு எதுவும் சொல்வதில்லை என்றேன்.

"அந்த ஹோட்டலுக்கு மேல் மாடியில ஆரோட ஆபீஸு இருக்குன்னு எனக்குத் தெரியாதுங்களா? தினமும் அஞ்சு தடவ போயிட்டு வர்றீங்."

ஹோட்டல் மாடியில் இருப்பது எங்கள் போட்டிப் பதிப்பகம். அவர்களுடைய பொது அறிவுக் கையேடு போன ஆண்டு எங்களுடையதைவிட அதிகம் விற்றது. நான் ஐந்து முறை பேச்சுவார்த்தைக்குப் போய் வருவதாக முதலாளி நினைத்திருக்கிறார்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் கணத்தில், கழிவறைக்குப் போகிறேன் என்பதைவிடத் துரோகி என்பது கௌரவமான சொல்லாகத் தோன்றியது. நான் எங்கும் போகவில்லை என்று மட்டும் சொன்னேன். கட்சி மாறப்போகிறவர்கள் சொல்லும் அதே வாசகம்.

"நாளைக்கே உங்களுக்கு ஒரு நல்ல சுழல் நாற்காலி போடச் சொல்றேனுங்" என்றார் முதலாளி. எழுந்து வந்து கதவை அவரே திறந்துவிட்டார்.

ஜூலை 3, வியாழன்

நாற்காலி வந்துவிட்டது. பின்னாலேயே ருக்மணியக்காவும் வந்தார். உட்காரவில்லை.

"மொதலாளி நேத்துச் சோறே திங்கலையாமா. நீ போறதுன்னா போ. நல்லாருந்தாச் செரி. ஆனா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாமப் போறே பாரு, அதுதான்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒம்பது வருசம் ஒண்ணா வேல பாத்திருக்கறோம்."

"நான் எங்கயும் போகலைங்க்கா."

"பின்ன தினமும் அங்க என்ன சோலி?"

சொன்னேன். முழுவதுமாகச் சொல்லவில்லை. டாக்டர், தண்ணீர், காபி. ருக்மணியக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னையே பார்த்தார்.

"அப்ப இதுக்கு முன்னால? ரெண்டு வருசமா?"

நான் நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றினேன். நன்றாகச் சுழல்கிறது.

"அடக் கெரகமே" என்றார் ருக்மணியக்கா, தணிந்த குரலில். "நாங்க அத்தன பேரும் நீ மொதலாளி ரூம்புல இருக்கற பாத்ரூமுக்குப் போயிக்கறேன்னல்ல நெனச்சுட்டிருந்தம். மொதலாளியே அப்படி ஏற்பாடு பண்ணியிருப்பாருன்னு."

அப்படியே படியேறி முதலாளி அறைக்குப் போனார். கதவைச் சாத்தவில்லை. எல்லாம் கேட்டது.

"நானெங்கங் பண்ணுனேன்? பொம்பளைங்க நீங்களே கூட்டீட்டுப் போயிருப்பீங்கன்னு இருந்துட்டேனுங். ஒரு ஆம்பள போயி இதையெல்லாம் கேக்க முடியுங்களா?"

விசாரணையின் சாரம் இது. கேட்டால் என் மனம் புண்படும் என்று அவர்கள் கேட்கவில்லை. சொன்னால் அவர்களுக்குச் சங்கடம் என்று நான் சொல்லவில்லை. இருபது பேரின் நாகரிகம் ஒன்று சேர்ந்து ஒரு ஜோடிச் சிறுநீரகத்தைக் கெடுக்கப் பார்த்திருக்கிறது. யாராவது ஒருவர் கொஞ்சம் அநாகரிகமாக இருந்திருக்கலாம்.

ருக்மணியக்கா திரும்பி இறங்கி வந்தார். கோபம் இன்னும் தீரவில்லை.

"ஏன் அம்மிணி, வாயத் தொறந்து ஒரு சொல்லுச் சொன்னா முத்தா உதுந்துரும்?"

நான் ஏதோ பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. கேள்வியில் இரண்டாவதாக வந்த சொல்லையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஜூலை 4, வெள்ளி

பதினோரு மணிக்கு ருக்மணியக்கா படிக்கட்டில் நின்று, சாப்பாட்டுக்குக் கூப்பிடுவது போலத்தான் கூப்பிட்டார். "வாரியா?"

கீழே போனோம். நான் ஒரு பேச்சைத் தயாரித்து வைத்திருந்தேன், யாராவது ஏதாவது கேட்டால் சொல்ல. டி.டி.பி. அறையில் யாரும் தலை நிமிரவில்லை. கழிவறைக் கதவருகே வந்ததும் ருக்மணியக்கா, "கொண்டி ஒடஞ்சு கெடக்குது. நான் மொதல்ல போறேன். நீ கதவப் புடிச்சுக்கோ" என்று உள்ளே போய்விட்டார்.

ஆக எனக்கு அனுமதி தருவது பற்றி எந்தப் பேச்சும் நடக்கவில்லை. நேராகக் காவலுக்குப் போட்டுவிட்டார்கள்.

கைப்பிடியை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். தட்டச்சு பார்க்கும் சுகன்யா ஈரக் கைக்குட்டையோடு வந்தாள். என்னைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். தயாரித்த பேச்சு தொண்டை வரை வந்தது.

"உள்ள ஆருங்க்கா?"

"ருக்மணியக்கா."

"அப்ப இன்னிக்குள்ள வராது" என்று சொல்லிவிட்டுப் பக்கத்துக் குழாயில் முகம் கழுவப் போனாள்.

பிறகு என் முறை. ருக்மணியக்கா வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொண்டு, தன் மருமகள் ரசத்துக்குப் பூண்டை நசுக்காமல் போடுவது பற்றி உரத்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து நான் 'உம்' கொட்ட வேண்டியிருந்தது. நிறுத்தினால், "கேக்குதா?" என்கிறார். இந்தச் சடங்கின் இந்தப் பகுதி எந்த நூலிலும் எழுதப்படவில்லை.

மதியம் மோர். இரண்டு டம்ளர்.

ஜூலை 9, புதன்

மருமகளின் புளிக்குழம்பு வரை வந்துவிட்டோம். தலைவலி இல்லை. ஹோட்டல் கல்லாக்காரர் தெருவில் என்னைப் பார்த்து, உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

ஜூலை 12, சனி

பாத்திரம் கழுவினேன். அலமாரியை ஒழுங்கு செய்தேன். போன ஆண்டு கண்ணாடியை மூடிய துண்டைத் துவைத்து மடித்து, எடுக்கச் சிரமமில்லாத இடத்தில் வைத்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை ரத்தப் பரிசோதனை.

ஜூலை 15, செவ்வாய்

காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனேன். மாலை அலுவலகத்திலிருந்து நேராகக் கிளினிக், ஜூன் மூன்றாம் தேதி போலவே. செருப்பைக் கழற்றிவிட்டு அதே கருவியில் ஏறினேன். கைப்பிடி வழுக்கியது. உள்ளங்கை வேர்த்திருந்தது. உடம்பில் வேர்க்கும் அளவுக்குத் தண்ணீர் இருப்பதை ஒரு நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டேன்.

முப்பத்திரண்டு புள்ளி ஒன்பது.

டாக்டர் அதைப் பார்க்கவில்லை. ரத்தப் பரிசோதனைத் தாளைத்தான் மேலிருந்து கீழாக விரல் வைத்துப் பார்த்தார். விரல் ஒரு வரியில் நின்றது. அந்த வரியை நான் தலைகீழாக வாசிக்கப் பார்த்தேன்.

"சர்க்கரை மட்டும் இன்னும் எல்லையிலதான் இருக்கு. சாயங்காலம் நடங்க." விரல் நகர்ந்தது. "சிறுநீரகம் சரியாயிடுச்சு. பொட்டாசியம் எறங்கிடுச்சு. ரெண்டு மாத்திரையும் அப்படியே தொடரலாம். ஆறு மாசம் கழிச்சு வாங்க."

"அப்படியேன்னா, அதே அளவா?"

"அதே அளவு."

"பாதி இல்லையே?"

"முழுசு, செந்தாமரை."

ஏதாவது நகைச்சுவையாகச் சொல்ல வாயைத் திறந்தேன்.  டாக்டர் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் எடுத்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிட்டார்.

பேருந்து நிறுத்தத்தில் முதல் பேருந்தை விட்டுவிட்டேன். கூட்டமாக இருந்தது. இரண்டாவதையும் விட்டேன். அதில் உட்கார இடம் இருந்தது. ஆனாலும் சற்று நேரம் நின்றிருக்கலாம் போலிருந்தது. கோகுலுக்கு போன் செய்து எண்ணைச் சொன்னேன். "நாந்தான் அன்னிக்கே எழுதிக் குடுத்தேனுங்களே" என்றான். மறுக்க முடியவில்லை.

ஜூலை 17, வியாழன்

முதலாளி தச்சரை அழைத்துவந்து கீழ்க் கழிவறைக்குப் புதிய தாழ்ப்பாள் போட்டுவிட்டார். பித்தளை. உறுதியானது. மூவர் சேர்ந்து தள்ளினாலும் திறக்காது என்று தச்சர் நிரூபித்துக் காட்டினார்.

பதினோரு மணிக்கு ருக்மணியக்கா வந்து கூப்பிட்டார். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

"அம்மிணி, கதவப் புடிச்சிருக்கறயா?"

"பிடிச்சிருக்கேங்க்கா" என்றேன். பிடித்துக்கொண்டுதான் நின்றேன்.